கடனோடு வந்த காப்பீடு: அறிந்துகொள்ளும் வழி

(மும்பையில் மாணவர்கள், அலுவலர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



1956ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆயுள் காப்பீட்டுக் கழகம் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. காப்பீடும் கடனும் எளிய மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதே இவ்விரு நடவடிக்கைகளின் நோக்கம். அந்நாளில் இரண்டும் வெவ்வேறு வாயில்களில் கிடைத்தன. 2000ஆம் ஆண்டில் காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர், வங்கிகளே காப்பீட்டு நிறுவனங்களின் முகவர்களாகவும் ஆயின. கடன் கேட்டுச் செல்பவர் இன்று ஒரே மேசையில் பல படிவங்களில் கையெழுத்திடுகிறார். அவற்றுள் ஒன்று காப்பீட்டுக்கானது என்பதை அவர் அறியாமலே திரும்புவதும் உண்டு.

கடன் காப்பீடு தன்னளவில் தீயதன்று. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், நிலுவைத் தொகையை அது அடைக்கிறது. தாராவியில் தோல் பட்டறை நடத்தும் ஒருவரின் குடும்பத்துக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் அத்தகைய காப்பீடு இருப்பதை வீட்டார் அறியாவிடில் நேர்வது என்ன? தலைவரை இழந்த குடும்பம், காப்பீடு அடைத்திருக்க வேண்டிய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டே இருக்கும். வேண்டாத காப்பீட்டுக்குப் பணம் போவது ஓர் இழப்பு. பணம் கட்டிய காப்பீட்டைக் கோராமல் விடுவது அதனினும் பெரிய இழப்பு. ஆகவே, நம் பெயரில் காப்பீடு உள்ளதா என்று சரிபார்ப்பது இரு வகையிலும் அவசியமாகிறது.

பிரிட்டன் தரும் பாடம்

பிரிட்டனில் கடன், கடனட்டை ஆகியவற்றுடன் தவணைப் பாதுகாப்புக் காப்பீடு பல ஆண்டுகள் விற்கப்பட்டது. நோய், விபத்து, வேலையிழப்பு ஆகிய காலங்களில் தவணையைக் கட்டுவதாக அது உறுதியளித்தது. ஆயினும், சுயதொழில் செய்வோர் போன்று, அதன் பயனை முழுமையாகக் கோர இயலாதவர்களுக்கும் அது விற்கப்பட்டிருந்தது. வாங்கியிருப்பதையே அறியாதோர் பலர். 2011இல் வங்கிகள் நீதிமன்றத்தில் தோற்றன. புகார் அளிக்க 2019 ஆகஸ்ட் 29 இறுதி நாளாயிற்று. திருப்பித் தரப்பட்ட தொகை 3,800 கோடி பவுண்டுக்கும் மேல். கேட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. கேட்பதற்கு முதலில் அறிய வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அத்தகைய பொதுவான இழப்பீட்டு ஏற்பாடு நிகழவில்லை. எனவே, ஒவ்வொருவரும் தம் ஏடுகளைத் தாமே ஆராய வேண்டியுள்ளது.

எங்கே பார்ப்பது?

முதலாவது, அனுமதிக்கப்பட்ட கடன் தொகையையும் கைக்கு வந்த தொகையையும் ஒப்பிடுதல். இடையே உள்ள வித்தியாசத்தில் பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, பிரிமியம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். சில நேரங்களில் பிரிமியம் கடனுடன் சேர்க்கப்படுகிறது. கணக்குக்காக, 5 லட்சம் ரூபாய்க் கடனுடன் 20,000 ரூபாய் பிரிமியமும் சேர்க்கப்பட்டதாகக் கொள்வோம். வட்டி 12 சதவீதம், காலம் 5 ஆண்டுகள். அந்த 20,000 ரூபாய்க்காக மட்டும் மாதம் சுமார் 445 ரூபாய் தவணை கூடும். முடிவில் ஏறத்தாழ 26,700 ரூபாய் செலுத்தியிருப்போம். காப்பீட்டுக்கும் வட்டி கட்டுகிறோம் என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, கடன் விவர அறிக்கை. ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் சுற்றறிக்கைப்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும், கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இதனை அளிக்க வேண்டும். காப்பீட்டுக் கட்டணத்தைத் தனியே காட்டுவதோடு, ஆண்டுச் செலவு விகிதத்திலும் சேர்க்க வேண்டும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க இயலாது.

மூன்றாவது, நுண்கடன் அட்டை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, கடன் அல்லாத எதனையும் முழுச் சம்மதத்துடனேயே விற்க வேண்டும். அதன் கட்டணத்தை அட்டையிலேயே குறிக்க வேண்டும். குழுக்கடன் பெற்ற பெண்கள் தங்கள் அட்டையின் எல்லாப் பக்கங்களையும் பார்ப்பது நலம்.

நான்காவது, சேமிப்புக் கணக்கின் பாஸ்புத்தகம். 2015இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்துக்கு 436 ரூபாயும், சுரக்ஷா விபத்துத் திட்டத்துக்கு 20 ரூபாயும் மே மாதக் கடைசியில் ஆண்டுதோறும் கழிக்கப்படுகின்றன. 2022 ஜூனுக்கு முன் இவை முறையே 330 ரூபாயும் 12 ரூபாயும் ஆகும். இவை கடனுடன் பிணைந்தவை அல்ல. விருப்பத்தின் பேரில் சேர்பவை. ஜீவன் ஜோதியில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். திருநெல்வேலியில் ஒரு கணக்கும் தாராவியில் ஒரு கணக்கும் வைத்திருப்போர் இங்கே கருத்தூன்ற வேண்டும். இரு கணக்குகளிலும் பணம் கழிந்தாலும் இழப்பீடு ஒரு முறையே, 2 லட்சமே. மிகையாகக் கட்டிய பிரிமியம் திரும்பாமலும் போகலாம்.

ஐயம் எழுந்தால் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, காப்பீட்டுச் சான்றிதழின் நகலைப் பெற வேண்டும். நிறுவனத்தின் பெயர், காப்பீட்டுக் காலம், விலக்குகள், நியமனதாரர் பெயர் ஆகிய நான்கையும் அதில் பார்க்க வேண்டும். கடனை முன்கூட்டியே அடைத்தவர்கள், மீதிக் காலத்துக்குப் பாதுகாப்புத் தொடருமா, பிரிமியத்தில் ஒரு பகுதி திரும்புமா என்றும் கேட்க வேண்டும்.

உரிமைகளும் வழிகளும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலிசி ஆவணம் கிடைத்த 30 நாள்களுக்குள் அதனை மறுத்துத் திருப்பலாம். ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று தரப்படும் என்னும் நிபந்தனையை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடவடிக்கை என வகைப்படுத்துகிறது.

புகாரை முதலில் வங்கியிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்க வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு கிட்டாவிடில், வங்கியின் செயல் குறித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரையும், காப்பீடு குறித்துக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். இவர்களிடம் முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தொலைபேசியில் விளக்கம் பெற ரிசர்வ் வங்கிக்கு 14448, காப்பீட்டு ஆணையத்துக்கு 155255 ஆகிய எண்கள் உள்ளன. நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். அதற்குக் கால வரம்பு இரண்டு ஆண்டுகள் என்பதை மறத்தலாகாது.

நாம் ஆற்ற வேண்டியது

விதிகள் தெளிவாகவே உள்ளன. ஆயினும் அவை ஆங்கிலத் தாள்களிலும் நுண்ணெழுத்துகளிலும் தங்கிவிடுகின்றன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகத்தில் மராத்தி, படிவத்தில் ஆங்கிலம் என வாழும் தொழிலாளிக்கு இவ்விடைவெளி பெரிது. கையெழுத்து வாங்கும் முன் "இது கடனுக்கு, இது காப்பீட்டுக்கு, இரண்டாவது உங்கள் விருப்பம்" என்று அவர் மொழியில் கூறுவது வங்கி அலுவலரின் கடமையாகும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பயிலும் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குச் சென்று, கேட்போருக்கு அவர்தம் பாஸ்புத்தகத்தையும் கடன் அட்டையையும் படித்துச் சொல்லுங்கள். கடவு எண்ணையோ ரகசியக் குறியீட்டையோ கேட்காதீர்கள். காப்பீடு இருப்பின், அதன் விவரத்தையும் நியமனதாரர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள மற்றவரும் அறியுமாறு வைக்கச் சொல்லுங்கள். துயரம் நேரும் நாளில் அந்தக் குடும்பத்துக்கு அத்தாள் உதவும்.