கீழே இருந்த கையெழுத்து

(கரையான்சாவடியில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்த்தவள். வீடு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. "கட்டியை மட்டும் எடுத்துடலாம்மா" என்றார் டாக்டர். செயினை அடகு வைத்துப் பணம் கட்டினோம். மயக்கம் தெளிந்தபோது, கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டது என்றார்கள். உயிரைக் காப்பாற்றத்தான் போல என்று நம்பி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து, ராத்திரியெல்லாம் உடம்பு எரிகிறதே என்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார், இரண்டு சினைப்பைகளும் இல்லை என்று. எனக்கு வயது 38.

திரும்பிப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "எந்த ஏரியாம்மா?" காலனி பெயரைச் சொன்னேன். குரல் மாறிவிட்டது. "உங்க ஆளுங்க படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் வந்து சண்டை போடுவீங்க" என்று ஒப்புதல் படிவத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் கட்டியை அகற்றுவது என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே பேனாவால் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதன் அடியில் இன்னொரு கையெழுத்து, என் வீட்டுக்காரருடையது. நான் உள்ளே மயக்கத்தில் கிடந்தபோது அவரைக் கதவருகே கூப்பிட்டு, அவசரம் என்று வாங்கியிருக்கிறார்கள். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆங்கிலம் தெரியாது.

என் தங்கச்சி மகள் பட்டறைப்பெரும்புதூரில் சட்டம் படிக்கிறாள். அம்பேத்கர் பெயரில் இருக்கிற கல்லூரி, அதில் எனக்குத் தனிப் பெருமை. அவள்தான் சமீரா கோலி வழக்கைச் சொன்னாள். 1995-இல் டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண். வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அப்போதே உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், நோயாளி கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நஷ்ட ஈடு எவ்வளவு என்றேன். 25,000 ரூபாய் என்றாள். பதின்மூன்று வருஷம் கழித்து.

நஷ்ட ஈட்டுக்காக மட்டும் என்றால் நான் போக மாட்டேன். டாக்டர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றும் நினைக்கவில்லை. சிகிச்சை சரியாகாத ஒவ்வொன்றும் குற்றமாகிவிடாது. கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. அது நியாயம்தான். என் கேள்வி வேறு. என் உடம்பில் எதை எடுப்பது என்று என்னிடம் ஏன் கேட்கவில்லை?

ஒன்று சொல்ல வேண்டும். நான் பணம் கட்டியதால்தான் எனக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. 1995-இல் வந்த வி.பி. சாந்தா தீர்ப்புப்படி, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. அரசு மருத்துவமனையை நம்பி இருக்கிற நம் சனம் சிவில் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோதான் போக வேண்டும். 2022 நவம்பரில் வியாசர்பாடி கால்பந்து வீராங்கனை பிரியாவுக்கு, 17 வயதுப் பிள்ளைக்கு, அரசு மருத்துவமனையில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு காலையே எடுத்தார்கள். உயிரும் போனது. சனம் திரண்டது, பத்திரிகைகள் எழுதின, டாக்டர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், குடும்பத்துக்கு 10 லட்சம் வந்தது. பேப்பரில் பெயர் வராத பிள்ளைகளுக்கு யார் திரள்வது?

இளைஞர்கள் நீங்கள் வீட்டில் போய்ச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. நான் வாயால் கேட்டு மூன்று வாரம் அலைந்தேன். ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போட்ட பிறகுதான் ஃபைல் வந்தது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நமக்குத் திருவள்ளூர். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். வழக்குப் போட இரண்டு வருஷம்தான் கெடு.

எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. "உசிரோட வந்துட்டல்ல, விடு" என்கிறாள் அம்மா. அதுகூடத் தடையில்லை. மனுவை எழுதி வைத்தாகிவிட்டது. அந்தப் படிவத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தே பேசாத வீட்டுக்காரர், போன வாரம் சோறு போடும்போது கேட்டார்.

"நானும் வந்து சொல்லணுமா?"

ஆமாம் என்றேன்.

"படிக்கத் தெரியாம போட்டேன்னு, அத்தனை பேர் முன்னாடி?"

தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மனு பீரோவில் இருக்கிறது.