தள்ளிவைத்த கூலி

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு. நிலமுடையவன் முதுமையில் நிலத்தை நம்பி வாழ்கிறான். நம் பாட்டன்மார்க்கு நிலமில்லை. கை ஓய்ந்த நாளில் பிள்ளைகளின் கையையே எதிர்நோக்கினர். இச்சங்கம் ஏற்றிய கல்வி விளக்கால் இன்று நம் பிள்ளைகள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு ஓய்வூதியமே நிலம். அந்நிலத்திற்கு வேலி உண்டா என்பதே என் கேள்வி.

வேலியற்ற நிலத்தின் கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில், ஸ்டூட்பேக்கர் என்னும் பெரிய கார் ஆலை இருந்தது. அதன் வார்ப்படச் சாலையில் கறுப்பினத் தோழர்கள் பலரும் உழைத்தனர். தொழிற்சங்கத்தோடு செய்த உடன்படிக்கையின்படி நிறுவனம் ஓய்வூதியத் திட்டம் வகுத்தது. திட்டம் தொடங்கும் முன் உழைத்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்ப்பதாக வாக்களித்தது. ஆனால் அதற்குரிய தொகையை உடனே செலுத்தவில்லை. பல்லாண்டுகளில் சிறிது சிறிதாகச் செலுத்துவதே ஏற்பாடு. 1963 டிசம்பரில் ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. நிதியிலோ போதிய பணம் இல்லை.

விளைவு என்ன? ஏற்கெனவே ஓய்வு பெற்றோரும், உரிய பணிக்காலத்துடன் அறுபது வயதை எட்டியோரும், ஏறத்தாழ 3,600 பேர், முழு ஓய்வூதியம் பெற்றனர். நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிருந்த சுமார் 4,000 பேருக்கு உரிமைத் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே கிடைத்தது. அவர்கள் சராசரியாக 23 ஆண்டுகள் உழைத்தவர்கள். எஞ்சியோர்க்கு ஒன்றுமில்லை. இங்கே எவரும் பெட்டியை உடைத்துத் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். வாக்குறுதி இருந்தது, அதற்கு ஈடான பணமும் இல்லை, பிணை நிற்பாரும் இல்லை.

அந்த வேதனை வீண்போகவில்லை. 1974 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில் தனிச்சட்டம் பிறந்தது. நிதியைக் குறைவின்றிச் சேர்த்து வைக்க வேண்டும். உரிய காலம் உழைத்தவனின் உரிமையைப் பறித்தலாகாது. நிதியை ஆள்வோர் தொழிலாளர் நலனுக்காகவே ஆள வேண்டும் என அது விதித்தது. ஓய்வூதிய நலன் உத்தரவாதக் கழகம் ஒன்றும் அமைந்தது. நிறுவனங்கள் அதற்கு ஆண்டுதோறும் காப்புத் தொகை செலுத்துகின்றன. ஒரு திட்டம் நொடித்தால், சட்டம் வகுத்த உச்சவரம்பு வரை கழகமே ஓய்வூதியம் வழங்குகிறது. ஆனால் அக்கழகத்திடமிருந்து ஸ்டூட்பேக்கர் தொழிலாளிக்கு ஒரு டாலரும் கிடைக்கவில்லை. அவனுக்குப் பத்தாண்டு தாமதமாகவே வேலி வந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். உழைப்பவன் பெறுவது சலுகையன்று, சட்ட உரிமை என்பதே நாம் அவர்வழிக் கொண்ட நெறி. விடுதலைக்குப் பின், 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. ஓய்வூதியம் அருளால் இடும் கொடையன்று என்று 1982இல் அரசு ஊழியர் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலியில் பிடித்த பங்கை முதலாளி நிதியில் கட்டாதிருத்தல் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி, கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தைக் கடன்காரர் பங்கிடும்போது, தொழிலாளர்க்குரிய வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதித் தொகைகள் அதில் சேரமாட்டா.

ஆயினும் பதிவேட்டில் பெயரே இல்லாதவனைச் சட்டம் எங்ஙனம் காக்கும்? ஒப்பந்தக்காரரிடம் துப்புரவுப் பணிக்கும் தோல் பதனிடும் பணிக்கும் செல்லும் நம் உறவினர் பலர் தம் கணக்கு எண்ணையே அறியார். இளைஞர்களே, பட்டத்தாளைப் படிக்கக் கற்ற நீங்கள் உங்கள் தந்தையின் சம்பளச் சீட்டையும் படியுங்கள். பிடித்த தொகை நிதியில் சேர்ந்ததா என்று மாதந்தோறும் பாருங்கள். இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். சேரவில்லையெனில், ஆலை நடக்கும்போதே கேளுங்கள். பூட்டிய கதவின் முன் நின்று கேட்பது கடினம்.

ஓய்வூதியம் தள்ளிவைத்த கூலி. அதைக் காப்பது நம் கடமை.