செல்ஃப் அடிக்கும் முன்



கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். உறை போர்த்திய கார் வாசலில் நிற்கும். அதன் சொந்தக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். ஆனித் திருமஞ்சனத்துக்கோ ஆருத்ரா தரிசனத்துக்கோ ஊருக்கு வந்ததும் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகுவார். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. விடாமல் செல்ஃப் அடித்து அந்த பேட்டரியும் இறங்கிய பிறகு மெக்கானிக் வருவார். "இன்ஜெக்டர் போயிடுச்சு சார், நாலையும் மாத்தணும்."

அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பல நேரம் அது கெட்டிருக்காது, ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் சின்னக் குழாய். உள்ளே ஒரு காயில், ஒரு ஊசி. மின்சாரம் வந்ததும் ஊசி மேலே எழும்பும். எழும்புகிற உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடுக்கில் பிசின் படிந்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பழுப்புப் பிசினாகும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்திருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு, கரும்பிலிருந்து வரும் எத்தனாலை விளக்க வேண்டியதில்லை. அது ஈரத்தை இழுக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

அதனால் வேலையை டேங்கிலிருந்து தொடங்குங்கள். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கி, துரு இருக்கிறதா பார்த்து, ஃபில்டரை மாற்றுங்கள். அழுக்கு டேங்கை விட்டுவிட்டு இன்ஜெக்டரை மட்டும் புதிதாகப் போட்டால், புதியதும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அச்சும் சக்கரமும் பார்க்காமல் தேரை யாரும் வடம் பிடித்து இழுப்பதில்லை, எஞ்சினும் அப்படித்தான். ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் செல்ஃப்.

எஞ்சின் தட்டுத் தடுமாறி ஓட ஆரம்பித்தால், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டரிலும் கைப்பிடியைக் காதிலும் வையுங்கள். ஃபேனிலும் பெல்ட்டிலும் கையோ துணியோ படக் கூடாது. 'டிக் டிக்' என்று கேட்டால் ஊசி அசைகிறது. கேட்காததை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சில சமயம் விட்டுக்கொடுக்கும். சுத்தியல் எடுப்பவரை அருகில் சேர்க்காதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும். மீட்டரில் காயிலின் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 12 முதல் 16 ஓம் இருக்கும். சரியாக இருந்தால் காயில் நல்லது, ஊசிதான் சிக்கியிருக்கிறது. கிளீனரில் ஊறவைத்து, 12 வோல்ட்டைக் கண் இமைக்கும் நேரம் கொடுத்துக் கொடுத்து எடுத்தால் ஊசி இளகும். தொடர்ந்து கொடுத்தால் காயில் கருகிவிடும். கிளீனர் எரியக்கூடியது, பொறி பறந்தால் போச்சு. எனவே இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்யும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்ப மாட்டும்போது பழைய ஓ-ரிங் வேண்டாம். அங்கே கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் விழும்.

ஊசி திறந்தபடியே சிக்குவதும் உண்டு. அப்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் கொட்டி, எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

டீசல் காருக்கு இந்த வைத்தியம் எதுவும் பொருந்தாது. காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அதை டீசல் பம்ப் பார்க்கும் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். 2015 நவம்பரில் கடலூரில் வந்தது போன்ற வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டி என்றால் பெட்ரோலானாலும் டீசலானாலும் சாவியையே தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இறக்கிய பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.