உழவு இயந்திரத்தின் நீர் ஒழுக்கு

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



நெற்பயிரின் நோய்களைப் பற்றியும் மரக்கறிப் பூச்சிகளைப் பற்றியும் இதுபோன்ற கூட்டங்களிற் பலமுறை பேசியுள்ளேன். இன்று உங்கள் வயலை உழும் இயந்திரத்துக்கு வரும் ஒரு நோயைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நோய் சிறிது, கவனியாது விட்டால் வரும் கேடோ பெரிது.

கடந்த பெரும்போகத்தில், முதல் மழை விழுந்து மண் பதப்பட்ட வேளையில், கமக்காரர் ஒருவரின் பழைய நான்கு சில்லு உழவு இயந்திரம் நடுவயலில் நின்றுவிட்டது. வெப்பமானியின் முள் குளிர்ப் பக்கத்திலேயே இருந்ததென்று அவர் கூறினார். திறந்து பார்த்தபோது நீர் வற்றியிருந்தது; சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் விதைப்புப் பதம் தப்பிவிட்டது. இத்தனைக்கும் காரணம், விரலளவான பித்தளை உறுப்பொன்று ஒழுகியமையே.

அவ்வுறுப்பை வெப்ப உணரி என்பர்; கராச்சில் சென்சர் என்று கேட்டால் தருவார்கள். இயந்திரத்தைச் சுற்றியோடும் நீரில் அதன் நுனி தோய்ந்திருக்கும். நீர் சூடேறும்போது அதனூடாகச் செல்லும் மின்னோட்டம் கூடும். அதற்கேற்ப முள் உயரும். நீர் மட்டம் தாழ்ந்து நுனி வெறுங்காற்றில் நின்றால், இயந்திரம் கொதித்தாலும் முள் உயராது. ஆதலின் முள் ஏறினால் மாத்திரமன்றி, வேலை நடுவே திடீரெனக் கீழே விழுந்தாலும் இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள்.

ஒழுக்கை அறிவது எப்படி? நாள்தோறும் காலையில் நீர் குறைந்திருந்து, நிலத்தில் ஈரம் இல்லாவிட்டால், ஒழுகும் நீர் சூடான இரும்பிற் பட்டு ஆவியாகின்றது என ஐயுறலாம். உணரியைச் சுற்றி வெள்ளை நிறமான அல்லது கறள் நிறமான காய்ந்த கறை உண்டா என்று பாருங்கள். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தியபின் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேறியதும் நிறுத்தி, காய்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.

மேலேயுள்ள ஹோஸ் குழாயிலிருந்து நீர் வடிந்தால், அதன் பட்டியை இறுக்குதல் போதும். மரையருகே கசிந்தால், பெரும்பாலும் வாசர் பழுதாகியிருக்கும். கம்பி பொருந்தும் முனையிலிருந்து நீர் வந்தால், உணரியின் உட்புறம் கெட்டுவிட்டது. எவ்வளவு இறுக்கினும் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும். எங்கும் கசிவின்றி நீர் குறைந்து, எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருந்தால், அது இவ்வுறுப்பின் குற்றமன்று. இயந்திரத்தை ஓட்டாது மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இனி மாற்றும் முறை. இயந்திரம் முற்றாக ஆறிய பின்பே றேடியேற்றர் மூடியைத் தொடவேண்டும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கமுள்ள மூடியின் கீழ் நீர் ஏறத்தாழ 111 பாகை சென்ரிகிறேட்டிலேயே கொதிக்கும். சூட்டோடு திறந்தால் அமுக்கம் நீங்கி, நீர் அக்கணமே கொதித்து முகத்திற் பாயும்.

பற்றறியின் பூமிக் கம்பியைக் கழற்றுங்கள். நீர் மட்டம் உணரிக்குக் கீழே இறங்கும்வரை சுத்தமான பாத்திரத்தில் நீரை வடியுங்கள். கூலன்ற் கலந்த நீர் பெரும்பாலும் இனிப்பானது, ஆனால் நஞ்சு. மாடும் நாயும் அதைக் குடித்தால் இறக்கக்கூடும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள்.

பின்னர் சரியான அளவு ஸ்பானரால் உணரியைக் கழற்றுங்கள். கறள் பிடித்து இறுகியிருந்தால், கறள் இளக்கும் எண்ணெயிட்டு ஓரிரவு விடுங்கள். பலவந்தஞ் செய்தால் மரை அழியும். நீண்ட மெல்லிய செப்புக் குழாயுடன் பிணைந்த பழைய வகையாயின் அக்குழாயை வெட்டவோ மடிக்கவோ வேண்டாம். குழாய் பழுதானால் மானியோடு சேர்த்தே மாற்றவேண்டும்.

பழையதைக் கையிற் கொண்டுபோய்ப் புதியதை வாங்குங்கள். மரை பொருந்துவது மாத்திரம் போதாது. அந்த இயந்திரத்துக்கென்றே செய்யப்பட்டதாக இல்லாவிடில் முள் பிழையாகக் காட்டும். நேர் மரையாயின் புதிய வாசர் இடுக, நாடா வேண்டியதில்லை. நுனி சிறுக்கும் மரையாயின் வெள்ளை நாடாவைச் சிறிதளவே சுற்றுக. ஒற்றைக் கம்பி உணரி தன் உடல்வழியே மின்னோட்டத்தை இயந்திரத்துக்குக் கடத்துவதால், நாடா தடித்தால் முள் இயங்காது போகலாம். முதலிற் கையால் முறுக்கிப் பின் ஸ்பானரால் அளவோடு இறுக்குக, பித்தளை மென்மையானது.

நீரை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த இயந்திரத்தை ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை நிரப்புங்கள். காற்று உள்ளே தங்கினால் முள் மீண்டும் பொய்யுரைக்கும். பின்னர் மூடியை இட்டு, சூடேறும்வரை ஓட்டிக் கசிவைப் பாருங்கள். ஆறியதும் மட்டத்தை மறுபடியும் சரிபாருங்கள்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீர் இயந்திரத்தினுள்ளே சுண்ணப் படிவை உண்டாக்கும். சுத்தமான மழைநீர் அதனினும் நன்று. ஆயினும் தனிநீர் கறளை உண்டாக்கும். ஆகவே புட்டியிற் குறித்த அளவுப்படி கூலன்ற் சேருங்கள்.

மாட்டுக்கு நீர் காட்டாது ஏர் பூட்டுவாருண்டோ? இயந்திரத்துக்கும் அவ்வாறே. விடியலில் சாவியைத் திருப்புமுன் மூடியைத் திறந்து நீரைப் பாருங்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு போகத்தைக் காக்கும்.