ஓர் ஊர், பல வரைபடங்கள்



ஓர் ஊரைப் பற்றிய உண்மை முழுவதையும் ஒரே வரைபடத்தில் அடக்கிவிட முடியுமா? மானிடப் புவியியலில் இக்கேள்வியை வற்புறுத்தி எழுப்பியது பின்நவீனத்துவம் என்னும் கொள்கை. பெயர் கடினமாயினும் கருத்து எளிதே. திருவனந்தபுரத்தைக் கொண்டு அதனை விளக்க முயல்வேன்.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்தனர். மலையும் ஆறும் எல்லையும் கணக்கில் ஏறின. நிலத்தை அளந்து வரைந்துவிட்டால் நாட்டை அறிந்ததாகும் என்னும் எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அனைத்தையும் விளக்கிவிடுவதாகக் கூறும் பெருங்கதைகளை நம்ப மறுப்பதே பின்நவீன மனநிலை என்று பிரெஞ்சு அறிஞர் லியோதார் 1979-இல் உரைத்தார். வரைந்தோரின் அதிகாரமும் நோக்கமும் வரைபடத்தில் உறைந்துள்ளன என்று 1989-இல் எடுத்துக் காட்டினார் ஹார்லி.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. வரைபடத்தில் கோடு தெளிவாக விழுந்தது. வாழ்க்கையில் அவ்வாறு விழுந்ததா? திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்தின் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணுவதோ கேரள அரசு. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லை கடந்து திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். தமிழ்நாட்டு அரசு 1970-இல் ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-இல் வெளிவந்த ‘மனோன்மணீய’த்தில் உள்ளது. அந்நூலின் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த பேராசிரியர்.

ஆயின், கோடு வெறும் கற்பனை என்று கூறிவிடலாமா? ஆகாது. பள்ளியிலும் அலுவலகத்திலும் எம்மொழி வழங்கும் என்பதைப் பெரிதும் வகுப்பது அக்கோடே. பல குரல்களைப் பாராட்டுவதோடு நின்றுவிட்டால், அவற்றின் மேல் ஆட்சி செலுத்தும் பொருளாதார ஆற்றல் கண்ணுக்கு மறைந்துவிடும் என்று 1989-இல் டேவிட் ஹார்வி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை மறவாமல் இக்கொள்கையைக் கையாளுதல் நன்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் பயன் யாது? மாநில வரைபடம் நம்மை வெளியூரார் என்று காட்டலாம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு அவ்வூரின் வரலாற்றில் ஒரு பகுதியே ஆகும். நாம் வாழும் ஊர்களிலும் நம் கதை அவ்வாறே சேர்ந்து வளர்கிறது. அதனை எழுதி வைத்தல் நம் கடன். அதனோடு, அதே தெருவில் வாழும் பிறமொழியாளர் தம் ஊரை எவ்வாறு காண்கின்றனர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நம் கதை ஒன்றே முழுக் கதை என்று கொள்வோமாயின், நாம் குறை கூறிய அதே பிழையை நாமும் செய்தவராவோம்.