வாய்ப் புண்ணை மறைக்க வேண்டாம்

(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



லயங்களுக்கு நாங்கள் வரும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று: "கேன்சர் வந்தா முடிஞ்சிச்சு, கத்தி வச்சா இன்னும் பரவும்." முதலில் இந்தப் பேச்சை விட வேண்டும்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். வெற்றிலை போடும் நம் பெண்களுக்கும் வருகிறது. மலையில் குளிருக்கும் பசிக்கும் என்று கன்னத்தில் அடக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் பெரிய காரணம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறக்க முடியாத இறுக்கம், 2 வாரமாகியும் ஆறாத புண் — இவைதான் அடையாளம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

சிறு புண்ணாக இருக்கும்போதே சிகிச்சை எடுத்தால், 10 பேரில் சுமார் 8 பேர் 5 வருடம் தாண்டி வாழ்கிறார்கள். கழுத்தில் கட்டி வந்த பிறகு போனால் அந்த வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கத்தி வைத்துப் பரவுவதில்லை. காலம் தாழ்த்தித்தான் பரவுகிறது.

கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஆட்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்மார் அல்லர். அப்படிப் பார்த்த இடங்களில், புகையிலை, மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நாமும் மாதம் ஒரு தடவை பார்க்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, உதடு எல்லாம் பாருங்கள். சந்தேகம் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்.

ஒரு நாள் பேர் போகும் என்பது எங்களுக்கும் தெரியும். பேர் நாளைக்கும் போடலாம். போன உயிர் வராது. பஸ் காசு இல்லை, கூடப் போக ஆளில்லை, சிங்களம் பேசத் தெரியாது என்றால் எங்களிடம் வாருங்கள்.

சுகமான பிறகும் கிளினிக்கை விடக்கூடாது. வெற்றிலையை மறுபடி தொட்டால் வாயில் வேறோர் இடத்தில் புற்று வரலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் வீட்டுப் பெரியவர்களின் வாயைப் பாருங்கள்.