பற்களின் எண்ணிக்கையும் பிள்ளைகளின் கண்ணீரும்

(மருத்துவமனை நண்பர்களின் ஐக்கியக் கூட்டத்தில் சிற்றாலயப் போதகர் அளித்த செய்தி)





யோவான் 9-ம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டதை நாம் அறிவோம். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. பல் வைத்தியப் பிரிவுக்கு வரும் தாய்மாரும் அதைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

பால்பற்கள் 20, நிலையான பற்கள், ஞானப்பற்கள் நான்கையும் சேர்த்து, 32. இது பொதுவான கணக்கு. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்துவதில்லை.

சிலருக்குப் பற்கள் அதிகம். நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இப்படி இருக்கிறார்கள். பெரும்பாலும் மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டிற்கும் இடையே கூம்பு வடிவில் ஒரு சிறு பல் தோன்றும். அது ஈறுக்குள் மறைந்திருந்து, நிலையான பல்லுக்கு வழிவிடாமல் தடுப்பதும் உண்டு. எட்டு வயது கடந்தும் மேல் முன்பல் முளைக்காத பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

2019-ம் ஆண்டு சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் வலது கீழ்த்தாடையிலிருந்து ஒரு கட்டியை அகற்றினார்கள். அதற்குள் 526 சிறு பற்கள் இருந்தன! அவற்றை எண்ணி முடிக்கவே பல மணி நேரம் ஆயிற்று. புற்றுநோயல்ல, பல் உண்டாகும் திசுக்கள் ஒழுங்கு தப்பி வளர்ந்ததால் வந்த சாதுவான கட்டி. அவனுக்கு மூன்று வயதாயிருக்கும்போதே வீக்கம் தெரிந்ததாம். வீக்கத்தைக் கண்டவுடன் காட்டுவது எவ்வளவு அவசியம் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்கிறோம்.

பல்லோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. குடும்பத்திற்கு ஆகாது, தாய்மாமனுக்கு ஆகாது என்றெல்லாம் சொல்லி அந்தப் பச்சிளம் சிசுவை வெறுப்பாய்ப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் முந்திக்கொண்டு வந்த பால்பற்களே. ஆட்டம் கண்டிருந்தாலோ, குழந்தையின் நாவைப் புண்ணாக்கினாலோ மட்டும் வைத்தியர் அவற்றைக் கவனிப்பார்.

பல் குறைவாயுள்ள பிள்ளைகளின் துயரமே பெரிது. சார்ல்ஸ் டார்வின் 1875-ல் வெளியிட்ட நூற்பதிப்பு ஒன்றில், சிந்துப் பகுதியிலிருந்த ஒரு இந்துக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு ஒருசில பற்களே இருந்தன, முடியும் சொற்பம், கோடையில் தோல் வறண்டு தவித்தார்கள். மகள்களுக்கு அக்குறை இல்லை. ஆனால் அவர்கள் வழியாகப் பேரன்மாருக்கு வந்தது. அதன் காரணமான மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தார்கள். தாய் தன்னை அறியாமலே சுமந்துவருவது அது. அதை அவள் குற்றமென்று எப்படிச் சொல்லலாம்?

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வியர்வை சரியாகச் சுரப்பதில்லை. வெயிலில் உடம்பு கொதித்து ஆபத்தாகிவிடும். நிழலும் தண்ணீரும் ஈரத்துணியும் அவர்களைக் காக்கும். பள்ளியில் "கிழவன்" என்ற கேலிக்கு அஞ்சி வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, சிறு வயதிலேயே பல்செட் பொருத்தலாம். சோறு மெல்லவும் சொல் திருந்தவும் அது உதவும். ஆனால் ஒருமுறை செய்தால் போதாது. தாடை வளர வளர மாற்றிச் செய்யவேண்டும்.

பிரியமானவர்களே, இங்கேதான் உங்கள் காணிக்கை தேவைப்படுகிறது. ஒருநாள் இரக்கத்தால் இந்தப் பிள்ளைகளின் தேவை தீராது. வருஷாவருஷம் நினைவுகூரும் அன்பு வேண்டும்.

சீஷர்களின் கேள்விக்கு ஆண்டவர், இவனுமல்ல, பெற்றோருமல்ல என்று விடையளித்தார். அத்தோடு நிற்காமல், சேறுண்டாக்கி அவன் கண்களைத் தொட்டார். பழி சுமத்துகிற கூட்டத்தில் நாம் நிற்க வேண்டாம். தொட்டுக் குணமாக்குகிற அவருடைய கரத்தோடு நம் கரத்தையும் சேர்ப்போம். நம் தலைமயிரின் கணக்கை அறிந்த தேவன், பல் கூடினவனையும் குறைந்தவனையும் ஒரேவிதமாய் நேசிக்கிறார்.

நீங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் இவ்வூழியத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.